கடைசியாக வந்தவர் போட்ட தாழ்ப்பாள்

விடியற்காலை நாலரை மணி. ஆமாம், நாலரைதான். பேய் என்றால் பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஐஸ் கம்பெனிக்குப் பின்னாலிருந்து ஒரு சாலை போகும். ஒரு பக்கம் மூடிப்போன மில்லின் மதில்... நடக்க நடக்க நீண்டுகொண்டே இருக்கும். இன்னொரு பக்கம் முள்ளும் குப்பையும். விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கும், எரிவது ஒன்றோ இரண்டோ. நாய்கூடக் குரைக்காத நேரம். அந்தச் சாலையில் ஒரு ஆள் தனியாக நடந்து வருகிறார்...

இருங்கள். முதலில் அந்த ஜன்னலைச் சாத்துங்கள். கரண்ட் இப்போதைக்கு வருவதாக இல்லை. பாயை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் யாராவது "அப்புறம் அப்புறம்" என்று பிடுங்கினால் அப்படியே நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவேன், சொல்லிவிட்டேன். இந்தக் கதையைச் சொன்னால் எனக்குப் பயம் பிறகுதான் வரும். முதலில் வருவது எரிச்சல்.

நடந்து வந்தவர் என் சிநேகிதியின் அண்ணன். அவளை உங்களுக்குத் தெரியாது. நீங்களெல்லாம் இந்த ஹாஸ்டலுக்கு வருவதற்கு முன்னால் தையல் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷினில் இருந்தவள். சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற காஜா மிஷின் அவளுடையது. அதனால் அவள் பேரே எங்களுக்குக் காஜா. அவள் அண்ணன் ஐஸ் கம்பெனியில் பாளம் ஏற்றுகிறவர். அவர் ஐஸ் அண்ணன்.

வீட்டில் நாலு பேர். அம்மா, ஐஸ் அண்ணன், காஜா, அவளுக்கும் இளையவனாகச் சின்னவன். அடுப்புக்கு ஒரு மறைவு, படுக்க ஒரே அறை, தெருவைப் பார்த்து ஒரே கதவு. அப்பா? அவரைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது ஒருநாள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை. பெரிய காரணம் ஒன்றும் இல்லையாம். கையில் ஒன்றும் இல்லாத வீட்டில் வருகிற சண்டைதான். அவர் கோபித்துக்கொண்டு வெளியே போனார். அவர் கோபித்துக்கொண்டு போவதும், கோபம் ஆறினதும் திரும்பி வந்து கதவைத் தட்டுவதும் வழக்கம்தான். அன்றைக்கு அம்மாவுக்கும் பொறுமை விட்டுப்போயிற்று. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள். வெளியே நல்ல மழை. அவர் வந்து தட்டினார்.

"காலைல வாங்க" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் சொன்னது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். அப்புறம் தட்டவில்லை. காலையில் கதவைத் திறந்தால் படியில் ஈரம் மட்டும் இருந்தது. ஆளைக் காணோம். தேடாத இடம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. அவரோடு அவர் போன வழியே சேர்ந்து காணாமல் போன மாதிரி ஒரு தகவலும் இல்லை.

"செத்துட்டாராக்கா?"

யாரடி அது? கேள்வி கேட்கக் கூடாது என்றேனா இல்லையா? செத்தாரா இருந்தாரா என்று தெரிந்திருந்தால் அந்தக் குடும்பம் ஒருநாள் அழுது முடித்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்திருக்கும். தெரியாததுதான் கஷ்டம்.

அன்றைக்குச் சின்னவன் கைக்குழந்தை. அவன் மட்டும் நிஜமாகத் தூங்கினான். மற்ற இரண்டு பேரும் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார்கள். தட்டுகிற சத்தம் கேட்டது. அம்மா சொன்னது கேட்டது. மூத்தவன் எழுந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்திருக்கலாம். எட்டுகிற உயரம்தான். ஆனால் அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடித்தான். அண்ணனைப் பார்த்துக் காஜாவும் நடித்தாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் கைவந்த ஒரே வித்தை அதுதான்.

அதற்குப் பிறகு அம்மா அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதையே விட்டுவிட்டாள். அவள் கை அதில் படவே படாது. வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம் வந்தது. யார் கடைசியாக வருகிறார்களோ அவர்கள்தான் தாழ்ப்பாள் போட வேண்டும். அதுவரை கதவு சும்மா சாத்தியே இருக்கும். திருடன் வந்தாலும் சரிதான். திருடுவதற்கு என்ன இருந்தது என்பது வேறு விஷயம்.

கடைசியாக வருகிறவர் யார்? ஐஸ் அண்ணன்தான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவர் ஐஸ் கம்பெனிக்குப் போனார். ராத்திரி முழுக்க வேலை. பொழுது விடிவதற்குள் லாரிகள் கிளம்ப வேண்டும். தகர அச்சிலிருந்து பாளத்தைக் கவிழ்த்து, கொக்கியால் இழுத்து, மரத்தூள் கொட்டி, சாக்குப் போட்டு மூடி ஏற்ற வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது தலையிலிருந்து கால்வரை ஈரம். கையைத் தொட்டால் பிணத்தைத் தொட்ட மாதிரி ஜில்லென்றிருக்கும். சட்டையில் ஐஸ் உறைய வைக்கிற மிஷினின் அமோனியா வாடை வேறு, மூக்கைக் குத்தும்.

அந்தத் தாழ்ப்பாள் பழைய இரும்பு. சாதாரணமாகத் தள்ளினால் போகாது. கதவைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளினால்தான் போகும். வீட்டு ஆளுக்கு மட்டும்தான் அந்தச் சூட்சுமம் தெரியும். கீ...ச். டக். அந்த 'டக்' கேட்டதும் தூக்கத்திலேயே மூன்று பேரும் ஒருமுறை புரண்டு படுப்பார்கள். எல்லோரும் உள்ளே வந்தாயிற்று. இனி நிம்மதி. அவ்வளவுதான். அவர் மூடி வைத்திருந்ததைச் சாப்பிடுவார், மூலையில் சுவரைப் பார்த்துப் படுப்பார். அவர் எழுந்திருக்கும்போது மற்றவர்கள் அவரவர் வேலைக்குப் போயிருப்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். தங்கையைத் தையல் பழக வைத்தது அவர். தம்பியைப் படிக்க வைத்தது அவர். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கும் போய்விட்டான். இத்தனை வருடத்தில் ஒருநாள்... ஒரே ஒருநாள் யாராவது எழுந்து உட்கார்ந்து "வந்துட்டியா" என்று கேட்டார்களா? கேட்கவில்லை. சின்னவன் மட்டும் கேட்பான். "அண்ணே, கொஞ்சம் தள்ளிப் படு, குளிருது" என்று கேட்பான். அண்ணனை 'ஐஸ் பெட்டி' என்று கிண்டல் வேறு. காஜாவும் சிரித்திருக்கிறாள். என்னிடம் சொல்லும்போது அழுதாள். அழுது என்ன செய்வது? அந்த வீட்டுக்கு அண்ணன் என்றால் ஒரு தாழ்ப்பாள் சத்தம். முகம் தேவைப்படவில்லை.

அவரும் வாயைத் திறக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மனதுக்குள் புழுங்கிப் புழுங்கியே காலத்தை ஓட்டினார். சிலரை அடித்துப் போட்டாலும் எனக்கு இது வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். அன்றைக்குத் திறக்காத கதவுக்கு வட்டியும் முதலுமாகத் தானே கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

சரி, இப்போது அந்தச் சாலைக்கு வருகிறேன்.

அன்றைக்கு அவர் கொஞ்சம் சந்தோஷமாக வந்துகொண்டிருந்தார். ராத்திரி வேலை போதும், இனிமேல் பகலில் எடை போடுகிற இடத்துக்கு வந்துவிடு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இனிமேல் எல்லோரையும் போல வெளிச்சத்தில் வீட்டுக்கு வரலாம். ஈரமில்லாமல் வரலாம். கூட உட்கார்ந்து சாப்பிடலாம். இதை இன்றைக்குத் தூங்குகிறவர்களை எழுப்பியாவது சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். "அம்மா, எந்திரி. ஒண்ணு சொல்லணும்." இதையே நடந்துகொண்டே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சிரிக்காதீர்கள். பழக்கமில்லாதவர்களுக்கு அம்மாவிடம் பேசக்கூட ஒத்திகை வேண்டும்.

மதில் பாதி தாண்டியிருப்பார்.

சளப்... சளப்... சளப்...

முன்னால் யாரோ நடந்து போகிறார்கள். செருப்பில் தண்ணீர் நிறைந்திருந்தால் வருகிற சத்தம். எரிகிற விளக்குக்கு அடியில் அந்த ஆள் வந்தபோது முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்கை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. சாலையெல்லாம் புழுதி. இந்த நேரத்தில் இப்படி நனைந்து போகிறவர் நம் கம்பெனி ஆளாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார் அண்ணன்.

"யாருப்பா அது? நில்லு, சேர்ந்து போவோம்."

ஆள் நிற்கவில்லை. வேகமாகவும் போகவில்லை. அண்ணன் எட்டி நடை போட்டார். ஆனாலும் இருவருக்கும் இடையில் இருந்த தூரம் குறையவே இல்லை. காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அமோனியா வாடை இல்லை. வேறு ஒரு வாடை... நனைத்த துணியைக் காயப்போடாமல் சுருட்டி வைத்துவிட்டால் நாலு நாள் கழித்து ஒரு நாற்றம் அடிக்குமே, அது. அதோடு சேற்று வாடை.

ஆள் இவருடைய சந்துக்குள் திரும்பியது.

இவரும் திரும்பினார். சந்தில் ஒருத்தரும் இல்லை. புழுதியில் ஈரக் கால்தடம் மட்டும் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். தடம் நேராக வந்து இவர் வீட்டுப் படியில் ஏறியது.

அப்போதுதான் உள்ளே இருந்து அந்தச் சத்தம் வந்தது.

கீ...ச். டக்.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். அசையவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கதவு அவருக்கு முன்னால் தாழ் போட்டிருந்ததே இல்லை. அவர் கையில் மட்டுமே மூடிப் பழகிய கதவு. இப்போது அவரை வெளியே வைத்து மூடிக்கொண்டது.

தட்டினார்.

இனிமேல் சொல்வது காஜா உள்ளே இருந்து பார்த்தது, கேட்டது. அவளுக்கு வழக்கம்போலத் தூக்கத்தில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. வழக்கம்போலப் புரண்டு படுத்தாள். ஈரமாக ஒன்று அவளைத் தாண்டி மூலைக்குப் போனது. அண்ணன்தானே. அதற்குப் பிறகு இந்தத் தட்டல்.

"யாரு?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா. கதவைத் திற."

"நான்னா யாரு?"

"பெரியவன்மா!"

அப்புறம் சின்னவன்தான் தூக்கக் கலக்கத்தில் கத்தினான். "அண்ணன் அப்பவே வந்து படுத்தாச்சு. யாருய்யா அது, விடியக்காலைல வீடு தெரியாம வந்து உயிரை வாங்குறது?"

"டேய் சின்னவனே... என் குரல்கூடத் தெரியலையாடா உனக்கு?"

எப்படித் தெரியும்? சொல்லுங்கள், எப்படித் தெரியும்? அண்ணன் அந்த வீட்டில் வாய்விட்டுப் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று? வெளியே இருந்து கேட்டது கோபமான, கட்டையான ஒரு ஆம்பளைக் குரல். இந்தக் குரல் நம் வீட்டுக் குரலா என்று கண்டுபிடிக்க மூன்று பேருக்கும் வழியே இல்லை. ஏதாவது கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்றால் என்ன கேட்பது? அவருக்கு என்ன பிடிக்கும்? யார் சிநேகிதம்? கால் வலிக்கிறதா, பல் வலிக்கிறதா? ஒன்றும் தெரியாது. கேள்வி கேட்பதற்கே பதில் தெரிந்திருக்க வேண்டுமே.

காஜா தலையை மட்டும் தூக்கி மூலையைப் பார்த்தாள். சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது. சுவரைப் பார்த்து ஒன்று படுத்திருந்தது. அதே மாதிரி முதுகு. அதே மாதிரி ஈரம். ஆனால் அமோனியா வாடை இல்லை. அழுகின துணி வாடை. பக்கத்தில் மூடி வைத்த சாப்பாட்டின் தட்டு நகரவே இல்லை.

வெளியே சத்தம் கூடியது. "அம்மா! நான் சொல்றது கேக்குதா இல்லையா? உள்ள யாரோ வந்திருக்காங்கம்மா! திற! முதல்ல திற!"

அம்மா எழுந்தாள். கதவுக்குப் போனாள். இத்தனை வருடம் தொடாத தாழ்ப்பாளைத் தொட்டாள். கை அதன்மேல் இருந்தது. இழுத்தால் போதும்.

இழுக்கவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி மூலையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை அது என்று காஜா சத்தியம் செய்கிறாள். பிறகு தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு, கதவோடு வாயை வைத்து, தணிந்த குரலில் சொன்னாள்.

"காலைல வாப்பா."

தட்டல் நின்றுவிட்டது.

அவருக்குத் தெரியாத வாக்கியமா அது? பள்ளிக்கூடப் பையனாகக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதுதானே. அதைச் சொன்ன பிறகு அந்தக் கதவு திறக்காது என்பது அவருக்குத் தெரியும். அதைக் கேட்ட மனுஷன் அதற்குப் பிறகு என்ன செய்வான் என்பதும் தெரியும். படியில் இறங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நீ என்னடி பண்ணிக்கிட்டு இருந்த? எந்திரிச்சுப் போய்த் திறக்க வேண்டியதுதானே?" என்று காஜாவைக் கேட்டேன்.

"தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேங்க்கா" என்றாள்.

அப்புறம் அவளே இன்னொன்றும் சொன்னாள். "அந்தத் தட்டல் நின்னப்பதாங்க்கா எனக்குச் சந்தேகமே வந்துச்சு. பேயா இருந்தா நின்னு தட்டிக்கிட்டே இருக்கும். ஒரு வார்த்தை சொன்னதும் ரோஷப்பட்டுக்கிட்டு போனது எங்க அண்ணனாத்தான் இருக்கும். எங்க குடும்பத்து ஆளுங்கதான் அப்படிப் போவாங்க."

விடிந்தது. சின்னவன் வேலைக்குக் கிளம்பினான். மூலையில் படுத்திருந்ததைத் தாண்டிக்கொண்டு போய்த் தலை சீவினான். "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா, மேலெல்லாம் தண்ணியா இருக்கு?" என்று கேட்டான். "தூங்கட்டும், விடு" என்றாள் அம்மா. அவன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். கேள்வி கேட்டதோடு அவன் கடமை முடிந்தது.

காஜா பின்னாலேயே வாசலுக்கு வந்தாள். படியில் அண்ணனின் சாப்பாட்டு டப்பா இருந்தது. எப்போதும் போலக் கம்பெனிக் குழாயில் கழுவிக் கவிழ்த்த டப்பா. கோபத்தில் எறிந்த மாதிரி இல்லை. நசுங்காமல், நேராக, யார் காலிலும் படாமல் ஓரமாக வைத்திருந்தது. டப்பா வெளியே இருக்கிறது என்றால் உள்ளே படுத்திருப்பது யார்?

செருப்புக்கூடப் போடாமல் ஐஸ் கம்பெனிக்கு ஓடினாள். அங்கே மேஸ்திரி அவளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "உங்கண்ணன் வீட்டுக்குப் போயிட்டு உடனே திரும்பி வந்தாரும்மா. கிளம்பிக்கிட்டிருந்த லாரியில ஏறிட்டாரு. பகல் வேலை வாங்கிக் குடுத்திருக்கேன், எங்க போறன்னு கேட்டேன். லோடு எங்க போகுதோ அங்கன்னாரு."

ஆமாம், உயிரோடுதான் இருக்கிறார். எல்லாப் பேய்க் கதையிலும் நல்லவர் செத்துத்தான் ஆக வேண்டுமா? ரொம்ப நாள் கழித்து, லாரிகள் போய் நிற்கிற ஒரு ஊரில் அவரைக் காஜா தேடிக் கண்டுபிடித்தாள். சாலையில் நடந்ததையெல்லாம் அவர் வாயால் கேட்டது அப்போதுதான். இவள் கூப்பிட்டாள், வா என்றாள், கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் வரவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார்.

"அம்மா இப்ப நல்லா தூங்குறாங்களா?"

பாவி மனுஷன். கேட்பதற்கு வேறு கேள்வியா கிடைக்கவில்லை? என்னைத் தேடினார்களா, ஏன் திறக்கவில்லை, ஏதாவது ஒன்று கேட்டிருக்கக் கூடாதா? காஜாவுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. டீ வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். ஏன் வாய் வரவில்லை என்றால்... அன்றைக்குப் பகலில் அவள் ஐஸ் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்தபோது பார்த்ததை அவரிடம் எப்படிச் சொல்வாள்? என்னிடம் சொல்லவே அவளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. போர்வையை இழுக்காதீர்கள். முடியப் போகிறது. இன்னொன்று, சின்னவன் இப்போது எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் அவளிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். கேட்ட போதெல்லாம் உடனே மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மத்தியானம். லாரி போன ஊரை விசாரித்து அலைந்துவிட்டு அப்போதுதான் காஜா திரும்பினாள். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. சந்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பக்கத்து வீட்டில் ரேடியோ பாடுகிறது. வீட்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. காஜா தள்ளினாள். ஜன்னலை அடைத்து உள்ளே இருட்டாக்கியிருந்தது. படியில் கால் வைத்ததுமே ஈரம் பட்டது. தரையெல்லாம் தண்ணீர், வாசல் வரைக்கும்.

அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள். அது அம்மாவின் மடியில் தலை வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தது. அம்மா துண்டால் அதன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டுவாள், துண்டைப் பிழிவாள், மறுபடி துவட்டுவாள். பக்கத்தில் இருந்த வாளி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. கலங்கின தண்ணீர்.

ஐஸ் அண்ணன் எத்தனை விடியற்காலை தலையிலிருந்து சொட்டச் சொட்ட வந்திருப்பார்? அம்மா ஒருநாள் துண்டெடுத்துக் கொடுத்ததில்லை.

"அம்மா" என்றாள் காஜா. "அண்ணன் லாரி ஏறிப் போயிட்டாரும்மா. கம்பெனியில சொன்னாங்க. இது அண்ணன் இல்லம்மா."

அம்மா கையை நிறுத்தவில்லை. "தெரியும். சத்தம் போடாத."

"தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேதான் திறக்காம இருந்தியா?"

"திறந்திருந்தா இவரு எந்திரிச்சுப் போயிருப்பாருடி. இன்னொரு தடவை இவரை எப்படி வெளிய அனுப்புவேன்?"

"அப்ப அண்ணன்? அவரு உன் புள்ள இல்லையா?"

அம்மா துண்டைப் பிழிந்தாள். நிதானமாக, சொட்டு விடாமல் பிழிந்தாள்.

"அவனுக்கென்ன. அவன் எங்க போனாலும் பொழைச்சுக்குவான். இவருதான் பாவம். எத்தனை வருஷமா வெளியவே நின்னிருக்காரு பாரு... இன்னும் காயவே இல்ல."

பொழைச்சுக்குவானாம். எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளையின் தலையில் இந்த ஒரு வார்த்தையை எழுதிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை முதுகு ஒடிய உழைத்ததற்கு அதுதான் கூலி. அவன் பொழைச்சுக்குவான் என்பதால் அவனுக்குக் கதவைத் திறக்க வேண்டியதில்லை. எனக்கு அந்த அம்மாவை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருக்கும். ஆனால் அந்த வீட்டுப் படியை என்னால் மிதிக்க முடியாது.

காஜாவும் அப்போது படியைத் தாண்டவில்லை. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மடியில் கிடந்த தலை அசைந்தது. முகம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே அது பேசியது. தொண்டைக்குள் தண்ணீர் நின்றால் வருகிற குரல். ஆனால் அன்பான குரல்.

"சின்னவன் எப்ப வருவான்?"

"ஆறு மணிக்கெல்லாம் வந்துருவாங்க" என்றாள் அம்மா. தன் அம்மா அவ்வளவு இதமாகப் பேசிக் காஜா கேட்டதே இல்லையாம். அப்படியே அவள் முகம் காஜாவின் பக்கம் திரும்பியது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏண்டி அங்கயே நிக்கிற? உள்ள வா. எல்லாரும் வந்தாத்தான் அவருக்குத் தூக்கம் வரும்."